அடுத்தவர் கால் லிஸ்டைத் திருட்டுத்தனமாக எடுத்தால் என்ன தண்டனை?

வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டுக்குக் குடும்ப வழக்குக்காக வருகிறவர்கள் வக்கீல்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “சார், அவங்க நம்பருக்கு ஆறு மாசக் கால் லிஸ்ட் எடுக்க முடியுமா? தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருக்கான், காசு கொடுத்தா எடுத்துத் தர்றேங்கிறான்.” குடியாத்தத்தில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் அப்பா இதைக் கேட்கக்கூடும். கம்பெனி விலை விவரம் போட்டியாளருக்குப் போகிறது என்று சந்தேகப்படும் ஆம்பூர் தோல் கம்பெனி முதலாளியும் கேட்கக்கூடும். இவர்களில் யாரும் தப்புச் செய்கிறோம் என்று நினைத்துக் கேட்பதில்லை. உண்மை தெரிய வேண்டும் என்ற தவிப்புதான் அவர்களிடம் இருக்கிறது.

அந்தத் தவிப்பு புரிகிறது. ஆனாலும் இதில் எடுத்துக் கொடுக்கும் பையனோடு, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரும் சேர்ந்து மாட்டுவார். லிஸ்ட் கைக்கு வராமல் போனாலும், முயற்சி செய்ததற்கே வழக்கு வரலாம். இது நம் ஊரில் பலருக்குத் தெரியவில்லை என்பதால்தான் இந்தக் கட்டுரை.

முதலில், கால் லிஸ்ட் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். போலீஸ், கோர்ட் வட்டாரத்தில் இதை ‘சிடிஆர்’ என்பார்கள். நீங்கள் யாரைக் கூப்பிட்டீர்கள், யார் உங்களைக் கூப்பிட்டார்கள், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எத்தனை நொடி பேசினீர்கள், எஸ்எம்எஸ் எப்போது போனது வந்தது, எந்த ஹேண்ட்செட்டில் சிம் இருந்தது, பேசத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் எந்த டவரின் கீழ் இருந்தீர்கள் என்பதெல்லாம் அதில் வரிவரியாக இருக்கும். பேசிய பேச்சு மட்டும் இருக்காது. தபாலில் போகும் கடிதத்தின் உறை மாதிரி இது: அனுப்பியவர், பெறுபவர், முத்திரை, தேதி எல்லாம் வெளியே தெரியும், உள்ளே எழுதியது தெரியாது. இந்தியாவில் டெலிகாம் கம்பெனிகள் இந்தப் பதிவுகளைக் குறைந்தது 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும். 2021 டிசம்பருக்கு முன் அது 1 ஆண்டாக இருந்தது.

“பேச்சே இல்லையே, வெறும் நம்பர்தானே, அதில் என்ன அந்தரங்கம்?” என்று கேட்பவர்கள் உண்டு. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். காட்பாடியில் இருக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், கற்பனையாகத்தான். மாதத்தில் இரண்டு முறை, காலை ஒன்பது மணிக்கு மேல், அவள் போன் பாகாயம் டவரில் காட்டுகிறது. அதற்கு முந்தைய நாள் அங்கே உள்ள மனநல மையத்தின் நம்பருக்கு இரண்டு நிமிடம் பேசியிருக்கிறாள். அன்று மாலை அம்மாவுக்கு அரை மணி நேரம். அப்புறம் இரவில் ஒரே ஒரு தோழிக்கு நீண்ட அழைப்பு. ஒரு வார்த்தை கூடக் கேட்காமலே, அவள் சிகிச்சை எடுத்துக்கொள்கிறாள், வீட்டில் யாருக்குத் தெரியும், யாரை நம்புகிறாள் என்பது வரை படிப்பவருக்குத் தெரிந்துவிடும். சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்தத் தாள் தவறான கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவள் செய்தது உடம்புக்கு முடியாதபோது டாக்டரிடம் போவது போன்ற சாதாரணக் காரியம்தான்.

இன்னொன்று: வீட்டை விட்டு வெளியேறி மறைந்து வாழும் ஒரு பெண்ணை, அடித்த கணவன் தேடிக் கண்டுபிடிக்க இந்த டவர் விவரம் போதும். கால் லிஸ்ட் திருட்டு சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

சரி, லிஸ்ட் எப்படி வெளியே வருகிறது? பெரும்பாலும் யாரும் கம்ப்யூட்டரை உடைத்துக்கொண்டு உள்ளே போவதில்லை. பொய் சொல்லி வாங்குகிறார்கள். நான்தான் அந்த வாடிக்கையாளர் என்று கஸ்டமர் கேரில் நடிப்பது ஒரு வழி. வாடிக்கையாளரிடமே கம்பெனி ஆள் மாதிரிப் பேசி ஓடிபி வாங்கி, அவர் பெயரிலேயே உள்ளே நுழைவது அதன் இன்னொரு முகம். போலீஸ் கேட்கிறது என்று போலிக் கடிதமோ போலி மின்னஞ்சலோ அனுப்புவது இரண்டாவது. உள்ளே வேலை செய்யும் ஒருவருக்குக் காசு கொடுப்பது மூன்றாவது.

முதல் வழிக்கு உலகம் அறிந்த உதாரணம் 2006இல் அமெரிக்காவில் நடந்தது. கம்ப்யூட்டர் தயாரிக்கும் ஹியூலட் பேக்கார்ட் கம்பெனியின் இயக்குநர் குழுவில் பேசுவதெல்லாம் பத்திரிகைகளுக்குக் கசிந்துகொண்டிருந்தது. யார் கசியவிடுகிறார்கள் என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர்களை அமர்த்தினார்கள். அவர்கள் இயக்குநர்களாகவும் பத்திரிகையாளர்களாகவும் நடித்துத் தொலைபேசிக் கம்பெனிகளிடமிருந்து அவர்களுடைய கால் விவரங்களை வாங்கிவிட்டார்கள். ஓர் இயக்குநர் பெயரில் கணக்குத் திறக்க அவருடைய சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் போதுமானதாக இருந்தது. விஷயம் வெளியே வந்ததும் குழுவின் தலைவர் பதவி விலகினார். கலிஃபோர்னியா மாநிலத்தோடு கம்பெனி 1.45 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. ஆம்பூர் முதலாளிக்கு வரும் அதே சந்தேகம்தான் அவர்களுக்கும் வந்தது என்பதைக் கவனியுங்கள்.

அதே ஆண்டின் தொடக்கத்தில், நூறு டாலருக்கும் குறைவான விலையில் யாருடைய கால் லிஸ்டையும் விற்கும் இணையதளங்கள் அங்கே வெளிப்படையாகவே நடந்துகொண்டிருந்தன. வங்கி விவரத்தை இப்படிப் பொய் சொல்லி வாங்குவதை 1999ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுத்திருந்தது. போன் விவரத்துக்கு அப்படி நேரடியான மத்தியக் குற்றச் சட்டம் இல்லை. அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் ‘தொலைபேசிப் பதிவுகள் மற்றும் அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டம், 2006’. அதிபர் ஜார்ஜ் புஷ் 2007 ஜனவரி 12 அன்று கையெழுத்திட்டார்.

அந்தச் சட்டம் கடுமையானது. பொய் சொல்லியோ, போலி ஆவணம் காட்டியோ, அனுமதியில்லாமல் கணக்கில் நுழைந்தோ ஒருவருடைய போன் பதிவை வாங்கினால் 10 ஆண்டு வரை சிறை. அனுமதியில்லாமல் விற்றாலும் அதே 10 ஆண்டு. இப்படி மோசடியாக வந்தது என்று தெரிந்தே வாங்கியவருக்கும் அதே 10 ஆண்டு. ஒரே ஆண்டுக்குள் ஐம்பது பேருக்கு மேல் பாதிக்கப்பட்டாலோ, ஒரு லட்சம் டாலருக்கு மேல் புழங்கினாலோ மேலும் 5 ஆண்டு வரை கூடும். எடுத்த விவரத்தைக் குடும்ப வன்முறைக்கோ, பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதற்கோ, சாட்சியை மிரட்டுவதற்கோ பயன்படுத்தினாலும் கூடுதல் 5 ஆண்டு. மறைந்து வாழும் பெண்ணின் ஆபத்தை அந்தச் சட்டம் தனியாக எடுத்துப் பார்த்திருப்பது எனக்குப் பிடித்த அம்சம்.

இது அமெரிக்கச் சட்டம், வேலூரில் இருப்பவருக்கு என்ன என்று தள்ளிவிட முடியாது. நாட்டுக்கு வெளியே இருந்து செய்தாலும் அந்தச் சட்டம் பொருந்தும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. டெக்சாஸில் வேலை பார்க்கும் மாப்பிள்ளையின் போன் லிஸ்டை இங்கிருந்து ஆள் வைத்து எடுக்க நினைக்கும் பெண் வீட்டார், அந்த நாட்டுக் குற்றச் சட்டத்துக்குள் கால் வைக்கிறார்கள். நாளைக்கு மகளைப் பார்க்க விசாவுக்கு நிற்க வேண்டியவர்களும் அவர்களேதான்.

இந்தியாவுக்கு வருவோம். இங்கே பெரிதாகப் பேசப்பட்ட சம்பவம் 2013இல் நடந்தது. அப்போது மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அருண் ஜேட்லியின் கால் விவரத்தை எடுக்க முயற்சி நடந்தது. டெல்லி காவல்துறையில் ஒரு கான்ஸ்டபிள் உயரதிகாரியின் அலுவலக மின்னஞ்சலிலிருந்து கம்பெனிக்குக் கோரிக்கை அனுப்பியது தெரிய வந்து, அவரும் தனியார் துப்பறிவாளர்களும் கைதானார்கள். அதற்குப் பிறகு, எஸ்பி அல்லது அதற்கு இணையான பதவியில் உள்ளவர் வழியாகத்தான் போலீஸ் கால் விவரம் கேட்க வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள். 2018இல் மகாராஷ்டிராவின் தானே நகரப் போலீஸும் கால் லிஸ்ட் விற்ற துப்பறிவாளர்கள் பலரைக் கைது செய்தது. பெரிய தலைவர் விவரத்தையே எடுக்கத் துணிகிறவர்களுக்குக் குடியாத்தத்துப் பெண்ணின் விவரம் எம்மாத்திரம்?

இந்தக் குற்றத்தை நேரடியாகப் பெயர் சொல்லித் தொடும் சட்டம் நமக்கு இப்போது இருக்கிறது. தொலைத்தொடர்புச் சட்டம், 2023. அதன் 42ஆவது பிரிவு 2024 ஜூன் 26 முதல் நடைமுறையில் உள்ளது. நேரடியாகவோ, மறைமுகமாகவோ, ஆள்மாறாட்டம் செய்தோ ஒரு டெலிகாம் கம்பெனியின் தரவை அனுமதியில்லாமல் எட்டினால், எட்ட முயன்றால், அல்லது வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்தால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘தரவு’ என்பதில் கால் விவரப் பதிவும், சந்தாதாரர் விவரமும், இணையப் பயன்பாட்டுப் பதிவும் அடங்கும் என்று சட்டமே விளக்கம் கொடுத்துவிட்டது. ஆகவே “நம்பர்தானே சார்” என்ற வாதம் எடுபடாது.

அந்த வாக்கியத்தில் ‘மறைமுகமாக’, ‘முயன்றால்’ என்ற இரண்டு இடத்தையும் மறுபடி படியுங்கள். “நான் எடுக்கவில்லை, அவன்தான் எடுத்தான், நான் ஜீபேயில் காசு மட்டும்தான் அனுப்பினேன்” என்று சொல்ல இடமில்லாமல் போவது அங்கேதான். அனுப்பிய காசே சாட்சி. அதோடு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் கூட்டுச் சதிக்கும் குற்றத்துக்குத் துணை போவதற்கும் தனித்தனியாகப் பிரிவுகள் இருக்கின்றன.

மற்றப் பிரிவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர், போன் வழியாக இன்னொருவராக நடித்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி, அடுத்தவரின் கடவுச்சொல் போன்ற அடையாளத்தை மோசடியாகப் பயன்படுத்தினால் 66சி. இரண்டுக்கும் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் வரை அபராதமும் உண்டு. கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு ஒப்பந்தத்தை மீறி வாடிக்கையாளர் தகவலை லாபத்துக்காக வெளியே கொடுப்பவருக்கு 72ஏ, அதிலும் 3 ஆண்டு வரை சிறை. ஆள்மாறாட்ட மோசடிக்கு நியாய சன்ஹிதா 319இன்படி 5 ஆண்டு வரை. ஏமாற்றுவதற்காகப் போலிப் போலீஸ் கடிதம் தயாரித்திருந்தால் 336இன்படி 7 ஆண்டு வரை. ஒரு பெண்ணின் இணைய, மின்னணுத் தொடர்புகளைக் கண்காணிப்பது 78ஆவது பிரிவில் பின்தொடர்தல் குற்றமாக வரும்: முதல் தடவை 3 ஆண்டு வரை, மறுபடி செய்தால் 5 ஆண்டு வரை. கணவன் என்பதால் மட்டும் அதிலிருந்து விலக்குக் கிடைத்துவிடாது.

‘வரை’ என்று ஒவ்வொரு இடத்திலும் சொல்கிறேனே, அது முக்கியம். 10 ஆண்டு வரை என்றால் எல்லோருக்கும் 10 ஆண்டு என்று பொருளில்லை. அது உச்சவரம்பு. செய்தது என்ன, யாருக்கு என்ன கேடு வந்தது, முதல் குற்றமா என்பதையெல்லாம் பார்த்து நீதிபதி அதற்குள் முடிவு செய்வார்.

இனி, பலரும் கேட்கும் கேள்வி. “திருட்டுத்தனமாக எடுத்தால் என்ன, கோர்ட்டில் காட்டினால் வழக்கு ஜெயிக்குமே?” 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு இப்படி ஒரு வழக்குத்தான் வந்தது. விவாகரத்து கேட்ட கணவர், மனைவிக்குத் தெரியாமல் எடுத்த கால் விவரத்தைச் சாட்சியமாகக் கொடுத்திருந்தார். நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதை ஏற்க முடியாது என்றார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று சொன்னது கணவன் மனைவிக்கு இடையிலும் பொருந்தும், அதை மீறி எடுத்த சாட்சியம் செல்லாது என்பது அவர் தீர்ப்பு.

அப்புறம் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு விவாகரத்து வழக்கில், கணவன் மனைவியிடம் தான் பேசியதை ரகசியமாகப் பதிவு செய்திருந்தால் அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்றது. இதை வைத்து “இப்போ எல்லாம் செல்லும்” என்று சிலர் பேசுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். அந்த வழக்கில் இருந்தது அவரே கலந்துகொண்ட உரையாடல், கம்பெனியிடமிருந்து திருடிய பதிவு இல்லை. இன்னொன்றும் உண்டு: ஒரு தாளை கோர்ட் பார்க்கலாமா என்பது ஒரு கேள்வி, அதை எடுத்தது குற்றமா என்பது தனிக் கேள்வி. சாட்சியமாக ஏற்கப்பட்டாலும் எடுத்தவர் மீது வழக்கு ஓடலாம். சொல்லப்போனால், அதை கோர்ட்டில் தாக்கல் செய்வதே ‘நான்தான் எடுத்தேன்’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. மின்னணு ஆவணத்துக்குத் தேவையான சான்றிதழையும் திருட்டு லிஸ்டுக்கு எந்தக் கம்பெனியும் தராது.

நேர்வழி இருக்கிறது. வழக்கு நடக்கும் கோர்ட்டிலேயே மனுப் போட்டு, இந்தக் காலத்துக்குரிய பதிவைக் கம்பெனியிடமிருந்து வரவழைக்கக் கேட்கலாம். எதிர்த் தரப்பையும் கேட்டு, உண்மையிலேயே தேவையா என்று பார்த்து நீதிபதி உத்தரவிடுவார். தேவையில்லை என்று மறுக்கவும் செய்வார். கேட்பதாக இருந்தால் சீக்கிரம் கேளுங்கள், 2 ஆண்டு தாண்டினால் பதிவு அழிந்திருக்கலாம். உங்கள் சொந்த நம்பரின் விவரத்துக்கு யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. ப்ரீபெய்டாக இருந்தாலும் கடந்த 6 மாதத்துக்குள் உள்ள விவரத்தைக் கம்பெனியிடம் எழுதிக் கேட்டு வாங்கலாம். அதற்கு 50 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி.

சொந்த நம்பர் என்று சொல்லும்போது ஒரு சங்கடம் இருக்கிறது. நம் வீடுகளில் பெண்கள் பேசும் சிம் அப்பா பெயரிலோ கணவர் பெயரிலோ இருப்பது சாதாரணம். யார் பெயரில் சிம் இருக்கிறதோ அவரைத்தான் கம்பெனி வாடிக்கையாளராகப் பார்க்கும். உங்கள் அந்தரங்கம் உங்கள் கையில் இருக்க வேண்டுமானால், அவர் சம்மதத்தோடு, உங்கள் அடையாள ஆவணத்தைக் கம்பெனிக் கடையில் கொடுத்துச் சிம்மை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் வாங்காத சிம் உங்கள் பெயரில் ஓடுகிறதா என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். கம்பெனியிலிருந்து பேசுகிறேன் என்று யார் சொன்னாலும் ஓடிபி சொல்லாதீர்கள். திடீரென்று சிக்னல் போய், பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் சிக்னல் இருந்தால், உங்கள் பெயரில் டூப்ளிகேட் சிம் எடுத்திருக்கிறார்களா என்று உடனே கம்பெனியிடம் கேளுங்கள்.

உங்கள் லிஸ்ட் யாரிடமோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது? முதலில் ஆதாரத்தை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த படம், மிரட்டிய செய்தி, “நீ யார்கிட்ட பேசினேன்னு தெரியும்” என்று யார் எப்போது சொன்னார்கள் என்ற குறிப்பு எல்லாம் வேண்டும். கோபத்தில் திரும்பப் பேசிச் சண்டையைப் பெரிதாக்கினால், அவர்கள் தங்கள் பக்கத்தைத் துடைத்துக்கொள்ள நேரம் கொடுத்ததாகும். டெலிகாம் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, உங்கள் நம்பர் விவரத்தை யாராவது கேட்டிருக்கிறார்களா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். அந்தப் புகார் எண் பின்னால் உதவும்.

பிறகு போலீஸ். பழைய வடஆற்காடு இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பிரிந்து கிடக்கிறது. எந்த மாவட்டத்தில் இருந்தாலும் மாவட்டப் போலீஸின் சைபர் கிரைம் பிரிவில் புகார் தரலாம், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். லிஸ்டைக் காட்டிப் பணம் பறித்திருந்தால் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு உடனே போன் செய்யுங்கள். “இது எங்க எல்லை இல்லை” என்று திருப்பி அனுப்புவது சரியில்லை. எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிந்து, உரிய ஸ்டேஷனுக்கு மாற்றலாம் என்று புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு சொல்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களை இன்ஸ்பெக்டருக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும்.

எஃப்ஐஆர் போட மறுத்தால், அதே புகாரை எழுத்தில் எஸ்பிக்குத் தபாலில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அங்கும் நடக்கவில்லை என்றால் அதே சுரக்ஷா சன்ஹிதாவின் 175ஆவது பிரிவின்படி மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுக்கலாம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று பெண்கள் தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு என்கிறது 1987ஆம் ஆண்டுச் சட்டம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நேரில் கேட்கலாம், 15100க்குப் போன் செய்தும் கேட்கலாம்.